பில்லில் இல்லாத வேலை

காரின் இடப்பக்கப் பின்கதவு சரியாகிவிட்டது. சென்ட்ரல் லாக் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய அலைந்த நாட்களில் மனதில் ஏறிய ஒரு விஷயம் மட்டும் இறங்க மறுக்கிறது. நல்ல நிலையில் இருந்த ஒரு பாகத்தை மாற்றியதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கேட்டது 400 ரூபாய். அதையும் "வயர் ஜாயிண்ட்" என்ற பெயரில்தான் கேட்டார். கண்டுபிடித்ததற்கு அவரே விலை போடவில்லை. இது நியாயமா என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது. அதைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கார் பத்து வருஷம் தாண்டிய ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி காரிலும் வரலாம், வயது ஆக ஆக வாய்ப்பு அதிகம். நான் இருப்பது சென்னையில், கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில். செம்புக் கம்பிக்கும் உப்புக் காற்றுக்கும் ஆகாது என்பது இங்கே குடியிருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கோளாறு இப்படித்தான் ஆரம்பித்தது. ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டும், இடப்பக்கப் பின்கதவு மட்டும் சில சமயம் பூட்டாது. சில சமயம் பூட்டும், அப்புறம் திறக்காது. மழை பெய்தால் மோசம் என்று ஒரு வாரம் நினைத்தோம். அடுத்த வாரம் நல்ல வெயிலில் மோசமாக இருந்தது. எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை.

அந்தக் கதவில்தான் அம்மா ஏறி இறங்குவார். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓரங்கட்டுகின்றன, அதனால் வயதானவர்களும் குழந்தைகளும் இறங்குவது பெரும்பாலும் இடப்பக்கப் பின்கதவில்தான். ஒருநாள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சாலையில் நிறுத்தியபோது அது திறக்கவே இல்லை. உள்ளே இருக்கும் நாப்பை இழுத்துத் திறக்கலாம், ஆனால் அம்மாவின் விரல்களில் வாதம். அந்தச் சின்ன நாப்பைப் பிடித்து இழுக்க அவரால் முடியவில்லை. நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவர் சீட்டில் நகர்ந்து வலப்பக்கக் கதவைத் திறந்து, ஓடுகிற சாலைப் பக்கம் ஒரு காலை வைத்துவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் பிடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சென்ட்ரல் லாக்கை நாம் ஒரு சௌகரியம் என்று நினைக்கிறோம். அதற்குப் பழகிப்போன வீட்டில் அது இல்லாத ஒரு கதவு ஆபத்து.

பூட்டாமல் போவது இன்னொரு தொல்லை. ரிமோட்டை அழுத்தியதும் இண்டிகேட்டர் மின்னுகிறது, நாமும் பூட்டியாயிற்று என்று திரும்பிப் பார்க்காமல் போகிறோம். என் வண்டி மாதிரிச் சாதாரணக் கார்கள் பலவற்றில் அந்த மின்னல், பூட்டும் கட்டளை கிளம்பிவிட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். கட்டளை கதவு வரை போய்ச் சேர்ந்ததா, பூட்டின் நாக்கு அசைந்ததா என்று கட்டளை அனுப்பும் யூனிட்டுக்குத் தெரியாது. பூட்டியிருக்கிறது என்று நான் நம்பிய கார் எத்தனை இரவு ஒரு கதவு திறந்தபடி தெருவில் நின்றதோ.

பாகம் மாற்றினோம்

முதலில் போனது வழக்கமாக சர்வீஸ் விடும் பட்டறைக்கு. சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினார்கள். கதவு லாக்கும் அதை இயக்கும் மோட்டாரும் என் காரில் ஒரே பெட்டியாக வரும். "லாக் மோட்டார் வீக் ஆயிடுச்சு மேடம், அசெம்ப்ளியா மாத்தணும்" என்றார்கள். பாகமும் கூலியுமாக 3,400 ரூபாய். மாற்றியதும் கதவு கச்சிதமாக 'டக்' என்றது. பழைய பெட்டியை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

சில வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு மாலை மறுபடியும் அதே கதவு, அதே மௌனம்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த பையன் கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து லாக்குக்குப் போகும் கனெக்டரில் வைத்துப் பார்த்தான். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் 12-ஐ ஒட்டி ஒரு எண் வந்து போனது. "வயர் ஓகே மேடம். கரண்டு கரெக்டா வருது. புதுசா போட்ட மோட்டாரே டூப்ளிகேட்" என்றான். கரண்டு வருகிறது, மோட்டார் ஓடவில்லை, அப்படியானால் மோட்டார்தான் கெட்டிருக்கவேண்டும். கேட்கிற யாருக்கும் சரியென்றுதான் படும். எனக்கும் பட்டது. இன்னொரு அசெம்ப்ளி வாங்குவதற்காக, வண்டிப் பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன்.

புதுப்பேட்டை தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பாகத்தைத் தேடிப் போனால் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். நான் விசாரித்த கடைக்காரர் அசெம்ப்ளியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஏற்கெனவே ஒண்ணு மாத்தியும் போகலைன்னா, வாங்கறதுக்கு முன்னாடி வயரிங் ஆளு ஒருத்தர்கிட்ட காட்டிடுங்கம்மா" என்றார். விற்கவேண்டிய பொருளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி அப்படிச் சொன்னது பெரிய விஷயம். அவர் கைகாட்டிய சந்தில்தான் அந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மர ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழைய ரிலேக்கள், அவ்வளவுதான். அவருக்கு அறுபது வயது இருக்கலாம்.

கேள்விகள்

அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

"மத்த மூணு கதவும் எப்பவும் வேலை செய்யுதாம்மா?"

செய்கிறது என்றேன். அப்படியானால் ஃபியூஸ், ரிமோட் பேட்டரி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் யூனிட் இதெல்லாம் கணக்கில் வராது என்றார். அவை கெட்டால் எல்லாக் கதவும் சேர்ந்துதான் படுக்கும்.

"பூட்டறது மட்டும் கோளாறா, திறக்கறது மட்டும் கோளாறா, ரெண்டுமா?"

இரண்டும் என்றேன். அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டார். காரணத்தை அப்புறம் சொன்னார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாக் மோட்டாருக்குப் போவது இரண்டே கம்பிகள். ஒரு திசையில் மின்சாரம் விட்டால் பூட்டும், அதே கம்பிகளில் திசையை மாற்றி விட்டால் திறக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் விடப்படும். இரண்டு வேலைக்கும் அதே கம்பிகள் என்பதால், ஒரு கம்பி விட்டுப்போனால் பூட்டுவதும் நிற்கும், திறப்பதும் நிற்கும். ஒரு கதவு எப்போதும் நன்றாகப் பூட்டி, திறக்க மட்டும் திணறினால் வயரைச் சந்தேகப்படவேண்டியதில்லை. அங்கே லாக்குக்குள் கிரீஸ் காய்ந்திருக்கும், ராடு எங்கேயாவது உரசும், அல்லது மோட்டாரே களைத்திருக்கும். என் கதவில் இரண்டுமே விட்டு விட்டு நின்றன, விட்டு விட்டு வந்தன. டோர் பேடைக் கழற்றாமல், ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இரண்டு கேள்வியில் அவர் பாதி தூரம் வந்துவிட்டார்.

மூன்றாவது கேள்வி அதற்கு முன் யாருமே கேட்காதது. "அந்தக் கதவுல வேற ஏதாவது தொந்தரவு உண்டா? கண்ணாடி இறங்குதா, பாட்டு ஒழுங்கா வருதா?"

அம்மா எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இந்தப் பக்கம் பாட்டு நின்னு நின்னு வருதுடி." ஸ்பீக்கர் பழசாகிவிட்டது என்று நாங்கள் அதை வேறு கணக்கில் வைத்திருந்தோம். கதவு பூட்டாததும் பாட்டு கரகரப்பதும் எங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். அவருக்கு அவை ஒன்று. லாக் கம்பியும் ஸ்பீக்கர் கம்பியும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்து, கதவுக்குள் வெவ்வேறு இடத்துக்குப் போகின்றன. அவை நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாகப் போவது ஒரே ஒரு இடத்தில். அது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணிலிருந்து பின்கதவுக்குள் நுழையும் அந்தக் கறுப்பு ரப்பர் குழாய். கதவைத் திறந்தால் நாம் எல்லோரும் தினம் பார்ப்பதுதான், நாலு அங்குலம்கூட இருக்காது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் கம்பிகள் நிமிர்ந்து மறுபடி மடங்குகின்றன. பத்து வருஷம், வீட்டில் அதிகம் புழங்கும் கதவு. வெளியே பிளாஸ்டிக் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும்.

எழுந்து வந்து கதவைத் திறந்தார். கதவு திறந்திருக்கும்போது ரிமோட்டுக்குப் பூட்ட மறுக்கும் கார்கள் உண்டு. அதனால் என்னை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து அங்கிருக்கும் லாக் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரேயடியாகத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு அழுத்தச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. இந்த மோட்டார்கள் பலவற்றில் சூட்டுக்கு அணைந்துகொள்ளும் ஒரு பாதுகாப்பு உண்டு. படபடவென்று அழுத்தினால் நல்ல மோட்டாரும் சில நிமிடம் நின்றுவிடும், அதை வைத்துத் தப்பாக முடிவெடுக்கிறவர்கள் நிறைய.

நான் அழுத்த அழுத்த, அவர் ஒரு கையால் கதவை மெல்ல மூடிக்கொண்டே வந்தார். முழுக்கத் திறந்திருந்தபோது உள்ளே ஏதோ லேசாக முனகியது. கொஞ்சம் மூடியதும் சத்தமே இல்லை. இன்னும் ஒரு சாண் தள்ளினார், 'டக்' என்று முழு பலத்தோடு அடித்தது. அடுத்து மூடும் தறுவாயில் மறுபடி மௌனம். திரும்பத் திறந்துகொண்டே வந்தபோதும் அதே இடத்தில் 'டக்'. மோட்டாருக்குக் கதவு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாது. கோணத்தைப் பொறுத்து வேலை செய்கிற கோளாறு, கோணத்தைப் பொறுத்து மடங்குகிற இடத்தில்தான் இருக்கமுடியும். முந்தைய பட்டறைகள் இரண்டிலும் கதவை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். வேறு எப்படி டோர் பேடைக் கழற்றமுடியும்? ஆனால் கதவு தன் வாழ்நாளில் பெரும்பகுதி மூடியே கிடக்கிறது, நாம் பூட்டுவதும் மூடிய கதவைத்தான்.

மீட்டர் சொன்னதும் பல்பு சொன்னதும்

இங்கே நான் அவரை நிறுத்திக் கேட்டேன். வயரில் 12 வோல்ட் வருகிறது என்று மீட்டர் காட்டியதே, அந்தப் பையன் என் கண் முன்னால்தான் பார்த்தான், அது எப்படி?

அவர் பதில் சொல்லாமல் டிராயரிலிருந்து ஒரு இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 21 வாட் பல்பு, ஹோல்டரோடு இரண்டு வயர் சால்டர் பண்ணி, முனையில் ஊசி. டோர் பேடைக் கழற்றி, லாக் கனெக்டரை உருவி, பல்பின் இரண்டு முனைகளையும் அதில் செருகினார். வெளிச்சத்தில் தெரியாது என்று உள்ளங்கையைக் குவித்துப் பல்பை மூடிக்கொண்டு, "இப்ப அழுத்துங்கம்மா" என்றார். விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பல்பு எரிந்தது என்று சொல்லமுடியாது. அதன் இழை மட்டும் மங்கலாகச் சிவந்து அணைந்தது. அதே இடத்தில் மீட்டரை வைத்தார், 11.9. பிறகு ரப்பர் குழாயைத் தூணிலிருந்து பிடுங்கி, உள்ளே கைவிட்டு, குழாய்க்கு முந்தைய கனெக்டரை வெளியே இழுத்து, அங்கே பல்பை வைத்தார். அழுத்தினேன். உள்ளங்கை முழுக்க வெளிச்சம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. டிஜிட்டல் மீட்டர்கள் பெரும்பாலானவற்றின் உள்தடை 10 மெகா ஓம். அதாவது மீட்டர் அந்த வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அதைக் கொண்டுவர முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை போதும், அது பச்சை பிடித்திருந்தாலும் போதும். மோட்டார் அப்படியில்லை. அதன் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது 3 ஆம்பியர் கேட்கும். வழியில் நைந்த இடத்தில் 8 ஓம் தடை இருந்தால், மொத்தம் 12 ஓம், ஓடுவது 1 ஆம்பியர். 12 வோல்ட்டில் 8 வோல்ட் அந்த நைந்த இடத்திலேயே தீர்ந்துபோகும், மோட்டாருக்கு மிஞ்சுவது 4. முனகத்தான் முடியும். மீட்டர் பொய் சொல்லவில்லை. வேலை எதுவும் வாங்காமல் பார்த்தால் 12 வோல்ட் இருக்கத்தான் செய்கிறது. வேலை வாங்கினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி, அதைப் பல்புதான் கேட்கும்.

நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைப் பற்றித்தான். அந்தப் பையன் சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. கருவியை எடுத்தான், அளந்தான், அளந்ததை வைத்து முடிவுக்கு வந்தான். முதல் பட்டறையிலும் அப்படித்தான். அவர்கள் பழைய அசெம்ப்ளியை எடுத்து, புதியதை மாட்டி, ஹார்னஸை, அதாவது கம்பிக்கட்டை, இழுத்து அசைத்து உள்ளே தள்ளியபோது, அறுந்த முனைகள் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும். கதவு வேலை செய்தது. பாகத்தை மாற்றினோம், சரியாகிவிட்டது, ஆகவே பாகம்தான் கெட்டிருந்தது என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பியிருப்பார்கள். கவரில் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய பெட்டியை நான் வீட்டில் வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் அடித்தது. திசையை மாற்றித் தொட்டேன், திரும்பி அடித்தது.

ஜாயிண்ட்

ரப்பர் குழாயைக் கதவுப் பக்கமும் கழற்றி, உள்ளிருந்த கம்பிக்கட்டின் டேப்பைப் பிரித்தார். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நல்ல கம்பி அசையாமல் நிற்கும். லாக் கம்பிகளில் ஒன்று சவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே வந்தது. உள்ளே செம்பு இல்லை, வெறும் உறைதான் நீள்கிறது. பிளேடால் கீறிக் காட்டினார். அறுந்த முனை கறுத்து, ஓரத்தில் பச்சைப் பொடி. ஒரே ஒரு இழை மட்டும் இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் கம்பியும் அப்படியே. கண்ணாடி மோட்டாரின் கம்பிகள் தடிமனானவை, அவை தப்பித்திருந்தன.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அஞ்சு நிமிட வேலை. அவர் அப்படிச் செய்யவில்லை. மடங்குகிற பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே பருமனில் மெல்லிய இழைகள் அதிகமுள்ள புது வயரை வைத்து, ஒரு ஜாயிண்ட் தூணுக்குள்ளேயும் இன்னொன்று கதவுக்குள்ளேயும் வருமாறு சேர்த்தார். ரப்பருக்குள் ஜாயிண்ட் வரவே கூடாதாம். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும், மடங்க மடங்க அந்த விறைப்பின் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும். இரண்டு வயரின் ஜாயிண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து முண்டாமல் தள்ளித் தள்ளிப் போட்டார். மேலே, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் ஸ்லீவ். சாதா இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும் என்றார். கடைசியாக, டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் ஷீட்டை ஓரம் விடாமல் திரும்ப ஒட்டினார். பலர் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு மூடிவிடுவார்களாம். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான்.

வேலைக்கு நடுவே பழைய கதைகளும் சொன்னார். பழைய மெர்சிடிஸ் கார்களில் கதவைப் பூட்ட மோட்டாரே கிடையாது, காற்றை உறிஞ்சும் வெற்றிடக் குழாய்கள்தான். அதிலும் ஒரு கதவு மக்கர் செய்தால் முதலில் ரப்பர் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்றுதான் தேடுவாராம்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். 400 ரூபாய். நான் 1,000 கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். "ரெண்டு வயர் ஜாயிண்ட் தானம்மா" என்றார்.

எதற்குக் கூலி

அந்த வாக்கியத்தை என்னால் ஏற்கமுடியவில்லை. ஜாயிண்ட் போட இருபது நிமிடம் ஆகியிருக்கும். மீதி நேரம் முழுக்க அவர் செய்தது தேடல். அதற்கும் முன்னால் அந்த மூன்று கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிவதற்கு ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. அவர் இல்லையென்றால் நான் இன்னொரு 3,400 செலவழித்து, நல்ல நிலையில் இருந்த இரண்டாவது அசெம்ப்ளியையும் கழற்றிப் போட்டிருப்பேன், அம்மா மறுபடியும் சாலைப் பக்கம் கால் வைத்திருப்பார்.

நம் பட்டறை பில்களை எடுத்துப் பாருங்கள். பாகத்துக்கு ஒரு வரி, அதைக் கழற்றி மாட்டியதற்கு ஒரு வரி. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு வரி இருப்பது அபூர்வம். அப்படி ஒரு பில்லில் சம்பாதிக்கவேண்டும் என்றால், எந்த மெக்கானிக்கும் தேடலைச் சுருக்கி மாற்றலைப் பெருக்கத்தான் செய்வார். விட்டு விட்டு வரும் ஒரு கோளாறின் பின்னால் அரை நாள் அலைந்து, கடைசியில் பத்து ரூபாய் வயரில் முடித்தால் அவருக்கு அந்த நாள் நஷ்டம். பாகத்தை மாற்றி அனுப்பினால் லாபம், பாதி நேரம் அது சரியாகவும் போய்விடும். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? "சும்மா பாத்ததுக்கா காசு?" என்று கேட்பது நாம்தான். பளபளவென்று டப்பாவில் வந்த ஒன்றுக்கு மூவாயிரம் கொடுக்க நமக்கு மனம் வருகிறது, ஒருவர் யோசித்ததற்கு முந்நூறு கொடுக்க வருவதில்லை. டிவி ரிப்பேர் கடையில் செக்கிங் சார்ஜ் கொடுக்கிறோம், ஏசி பார்க்க வருகிறவருக்கு விசிட் சார்ஜ் கொடுக்கிறோம். நாலு பேர் உயிரோடு ஏறி உட்காரும் காருக்கு ஏன் கூடாது?

கார் பழசாக ஆகத்தான் இது முக்கியம். புதுக் காரில் தேய்வது பாகங்கள். பத்து வருஷக் காரில் கம்பிகள், கனெக்டர்கள், எர்த் பிடிப்புகள் என்று பாகங்களுக்கு நடுவே இருப்பவை தேய்கின்றன. அவை எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்காது. அவற்றைத் தேடத் தெரிந்தவர்கள் அந்தச் சந்துகளில் வயதாகி உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாயிண்டுக்கு மட்டும் கூலி வாங்குகிற தொழிலை எந்த இளைஞன் கற்றுக்கொள்ள வருவான்?

நம் பக்கத்திலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டறையில் போய் "சென்ட்ரல் லாக் வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அதில் பிடிமானமே இல்லை. எத்தனை கதவு, பூட்டுவதா திறப்பதா, கதவைத் திறந்து வைத்தால் மாறுகிறதா, அதே கதவில் கண்ணாடியோ ஸ்பீக்கரோ தகராறு செய்கிறதா என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எல்லாக் கதவும் ரிமோட்டுக்கு மட்டும் அசையாமல், ஓட்டுநர் கதவை சாவி போட்டுத் திருப்பினால் அசைந்தால் ரிமோட்டின் பேட்டரியை முதலில் மாற்றிப் பாருங்கள். சாவி போட்டுத் திருப்பும்போது ஓட்டுநர் கதவு மட்டும் அசைந்து மற்றவை பின்தொடராவிட்டால், அந்தக் கதவின் சுவிட்சையும் அதிலிருந்து கிளம்பும் மெல்லிய சிக்னல் கம்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக ஊசியை எடுத்து வயர்களைக் குத்திப் பார்க்கவேண்டாம், முக்கியமாக மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பக்கம் போகவே கூடாது, அவை பெரும்பாலும் ஏர்பேக்குடையவை.

அடுத்து ஓட்டுநர் கதவு. அதுவும் அதே வயது, இதைவிட அதிகம் திறந்து மூடியது. அந்த ரப்பரையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் போன வாரம் போனில் பேசினேன். கம்பிகள் நன்றாக இருந்தாலும் பார்த்த நேரத்துக்குக் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஒண்ணும் இல்லைன்னா எதுக்கும்மா காசு?" என்றார். ஒன்றும் இல்லை என்று நீங்கள் பார்த்துச் சொல்வதுதான் எனக்கு வேண்டும் அண்ணா, அதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் இருக்காது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்.